பாய்ந்தால் பறிபோகும் பந்தயம்: வாசகர் கேள்வி பதில்

முதுகில் ஆள் ஏறாமல், பின்னால் பூட்டிய இருசக்கர வண்டியில் உட்கார்ந்து ஓட்டும் குதிரைப் பந்தயம் ஹார்னஸ் ரேஸ். அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், ஸ்வீடன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் இதற்குத் தனித் தடங்களும் தனி அகராதியும் உண்டு. அந்த அகராதியைப் பற்றி வந்த கேள்விகளே இம்முறை அதிகம்.

எங்கள் பக்கம் திருவிழாவுக்குக் குதிரை வண்டிப் பந்தயம் விடுவார்கள். ஹார்னஸ் ரேஸும் அதுவும் ஒன்றுதானே? – சிவகங்கை வாசகர்

குதிரை, வண்டி, சாரதி மூன்றும் இரண்டிலும் உண்டு. அதோடு ஒற்றுமை முடிந்தது. உங்கள் ஊர்ப் பந்தயம் சாலையில் நடக்கிறது. 'போய்வர இத்தனை மைல்' என்று எல்லை வைத்துத் திரும்பி வரவேண்டும். ஹார்னஸ் ரேஸ் நீள்வட்டத் தடத்தில் நடப்பது. வட அமெரிக்காவில் தூரம் பெரும்பாலும் ஒரே ஒரு மைல், அதாவது 1,609 மீட்டர். ஐரோப்பாவில் 2 கிலோமீட்டருக்கு மேலும் போகும்.

பெரிய வித்தியாசம் ஒரு விதியில் இருக்கிறது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது. கிண்டியில் ஜாக்கி ஏறி ஓட்டும் குதிரை எதைச் செய்தால் ஜெயிக்குமோ, அதையே இங்கே செய்தால் தோற்கும். வேகம் வேண்டும், ஆனால் டிராட் அல்லது பேஸ் என்ற குறிப்பிட்ட நடையிலேயே அந்த வேகம் வரவேண்டும். சேணத்தில் உள்ள பாதி வார்களும், லாடக்காரரின் பாதிக் கவலைகளும், இந்தப் பந்தயத்துக்கே உரிய பாதிச் சொற்களும் இந்த ஒரு விதியிலிருந்து பிறந்தவைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

வண்டிக்குச் சல்கி என்று பெயர். இரண்டு சக்கரம், இரண்டு ஏர்க்கால், உள்ளங்கையை விரித்து வைத்ததுபோல ஒரு சின்ன இருக்கை, கால் வைக்க இரண்டு கம்பி. மொத்த எடை சுமார் 20 முதல் 25 கிலோ. லாயத்தில் அதை 'பைக்' என்றுதான் சொல்வார்கள். சல்கி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முசுடு என்று பொருள். ஒருவருக்கு மேல் உட்கார இடமில்லாத வண்டி, யாரோடும் சேராதவன் ஓட்டுவது என்று கேலியாக வந்த பெயர் நிலைத்துவிட்டது.

டிராட், பேஸ் இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் எப்படிப் பிரிப்பது? காணொளியில் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. – ஈரோடு வாசகி

பக்கவாட்டில் எடுத்த படத்தில் குழப்பம் வரத்தான் செய்யும். குதிரை நேராக நம்மை நோக்கி வரும் காட்சியைப் பாருங்கள்.

டிராட் என்பது மாறுகால் நடை. வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாக எழுந்து ஒன்றாக ஊன்றும். அடுத்து இடது முன், வலது பின். நாம் நடக்கும்போது வலது காலோடு இடது கை முன்னே போகிறதல்லவா, அதே கணக்கு. உடம்பு பக்கவாட்டில் ஆடாது. முதுகு மேலும் கீழுமாக எழும்பித் தணியும். பேஸ் என்பது ஒருபக்க நடை. வலது முன், வலது பின் இரண்டும் சேர்ந்து போகும், பிறகு இடப்பக்கம். ஒட்டகம் நடப்பதைப் பார்த்திருந்தால் இது புதிதல்ல. எதிரே நின்று பார்க்கும்போது குதிரை இடமும் வலமுமாகத் தொட்டில்போல் ஆடிக்கொண்டு வந்தால் பேசர். தலை ஆடாமல் நேர்கோட்டில் வந்தால் டிராட்டர்.

இன்னொரு அடையாளம், பேசரின் நான்கு கால்களிலும் தொங்கும் வளையங்கள். அவற்றுக்கு ஹாப்பிள் என்று பெயர். ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் ஒரு வாரில் இணைத்து, இடுப்புக்கு மேலிருந்து தொங்கும் பட்டைகளால் தூக்கிப் பிடித்திருப்பார்கள். ஒரு கால் போனால் மற்றதும் போயாகவேண்டும். ஹாப்பிள் இல்லாமல் ஓடும் பேசர்களும் உண்டு, அபூர்வம். டிராட்டருக்கு மாட்டும் ஹாப்பிள் வேறு வகை. முன்கால்கள் இரண்டையும் கப்பியில் ஓடும் கயிற்றால் இணைப்பார்கள்.

வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பேசர்களே அதிகம். ஐரோப்பியக் கண்டத்தில் டிராட் மட்டும்தான். சாதாரணமாகப் பேசரின் வேகம் சற்றுக் கூடுதல். ஹாப்பிள் இருப்பதால் நடை கலைவதும் குறைவு. பந்தயம் கட்டுகிறவர்களுக்கு அது பிடிக்கும். பார்க்க அழகு எது என்று கேட்டால் டிராட்டர்தான். கயிறு கட்டி வாங்காமல் தானாக வரும் நடைக்கு ஒரு மிடுக்கு உண்டு.

மரபணுவிலும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஏற்படும் ஒற்றை எழுத்து மாற்றம் குதிரையைப் பாய்ச்சலுக்குத் தாவவிடாமல் நடையிலேயே வேகமெடுக்க உதவுகிறது என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2012-இல் 'நேச்சர்' இதழில் காட்டியது. பந்தய டிராட்டர், பேசர் இரண்டிலும் இந்த மாற்றம் பரவலாக இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு மரபணுவை வைத்து மட்டும் விளக்க முடியாது.

ஓடும்போது குதிரை பாய்ந்துவிட்டால் உடனே வெளியேற்றிவிடுவார்களா? – திருநெல்வேலி வாசகர்

நாட்டுக்கு நாடு மாறும். பாய்ச்சலுக்குத் தாவுவதை 'பிரேக்' என்கிறார்கள். வட அமெரிக்காவில் பிரேக் ஆனதற்காக மட்டும் குதிரையைத் தள்ளுவதில்லை. சாரதி மூன்று காரியம் செய்யவேண்டும்: பக்கத்தில் இடமிருந்தால் மற்ற குதிரைகளின் வழியிலிருந்து விலக வேண்டும், கடிவாள வாரை இழுத்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குள் கொஞ்சம் பின்தங்கியும் ஆகவேண்டும். பாய்ச்சலிலேயே முன்னேறினால் நடுவர்கள் கீழே இறக்குவார்கள். பாய்ச்சலோடு முடிவுக் கோட்டைக் கடக்கும்போது பின்னால் வரும் குதிரையின் மூக்கு இதன் உடம்பை ஒட்டி வந்திருந்தால், அந்தக் குதிரைக்குக் கீழேதான் இடம். பிரான்ஸிலும் ஸ்வீடனிலும் இன்னும் கறார்: பாய்ச்சலால் லாபம் அடைந்தாலோ, பாய்ச்சலோடு கோட்டைக் கடந்தாலோ தகுதி நீக்கம்.

ஏன் பிரேக் ஆகிறது? களைப்பு முதல் காரணம். கடைசி 200 மீட்டரில் கால் தூக்க முடியாத குதிரைக்கு, வேகத்தை விடாமல் இருக்கப் பாய்ச்சல் ஒன்றே வழி. இரண்டாவது, வளைவில் ஒரு கால் மற்றொரு காலில் இடித்துக்கொள்வது, வலியில் துள்ளும். மூன்றாவது, தொடக்கத்தில் சாரதி அவசரப்பட்டு விரட்டுவது. முன்னால் போகும் குதிரை பிரேக் ஆகிக் குறுக்கே வந்தாலும் பின்னால் வருவது கலையும்; அதை இடையூற்றால் வந்த பிரேக் என்று தனியாகக் குறிப்பார்கள்.

பிரேக் ஆன குதிரையின் வாரைப் பட்டென்று சுண்டினால் அது இன்னும் துள்ளும். அனுபவமுள்ள சாரதி முதலில் வாரை இறுக்கித் தலையை உயர்த்துவார், பிறகு பக்கவாட்டில் லேசாக ஒரு திருப்பு. தலை உயர்ந்து உடம்பு சற்றுத் திரும்பியதும் கால்கள் மாறும். நல்ல குதிரை ஏழெட்டுத் தப்படியில் நடைக்கு வந்துவிடும்.

மோஹாக் பார்க்கில் பந்தயம் பார்க்கப் போனேன். நிரல்தாளில் 1:52.1 என்று இருக்கிறது. நண்பர் ஒரு நிமிடம் 52.1 நொடி என்கிறார். சரியா? சிறிய வட்டமும் எக்ஸும் எதற்கு? – டொரோன்டோ வாசகர்

நண்பர் சொல்வது தப்பு. அநேகமாக எல்லோரும் முதலில் விழும் குழி இது. வட அமெரிக்க நிரலில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பத்தில் ஒரு பங்கு அல்ல, ஐந்தில் ஒரு பங்கு நொடி. 1:52.1 என்றால் ஒரு நிமிடம் 52 நொடியும் ஐந்தில் ஒன்றும், அதாவது 112.2 நொடி. புள்ளிக்குப் பின் 4-க்கு மேல் எண்ணே வராது என்பதைக் கவனியுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு வரி: 27.1, 56.0, 1:24.2, 1:52.1. இவை கால் மைல், அரை மைல், முக்கால் மைல், முழு மைல் என முன்னால் நின்ற குதிரை கடந்த நேரங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒவ்வொரு கால் மைலுக்கும் ஆன நேரம் கிடைக்கும்: 27.1, 28.4, 28.2, 27.4. கழிக்கும்போது கடன் வாங்கினால் பத்து அல்ல, ஐந்து வாங்கவேண்டும். இந்த வரி என்ன சொல்கிறது? முதல் கால் மைலில் முந்தும் போட்டி, நடுவில் முன்னணிச் சாரதி மூச்சு விட்டுக்கொண்டார், கடைசியில் மறுபடி விரட்டினார். நடுவில் வேகம் குறைந்த பந்தயத்தில் பின்னாலிருந்து வந்து ஜெயிப்பது கடினம்.

தோற்ற குதிரையின் நேரத்தை நீங்களே கணக்கிடலாம். ஒரு குதிரை நீளத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு நொடி. மூன்று நீளம் பின்னால் வந்தது என்றால் 1:52.4.

அடுத்து, இடங்களைக் குறிக்கும் எண்கள். '5, 5°, 3°, 2எக்ஸ், 6' என்று இருந்தால், எண்ணுக்கு மேல் உள்ள சிறு வட்டம் குதிரை அந்த இடத்தில் வெளிவரிசையில் ஓடியதைக் காட்டும். எக்ஸ், பிரேக் ஆனது. எக்ஸுக்கு முன்னால் சின்ன ஐ எழுத்து இருந்தால் மற்றவரால் வந்த பிரேக், குதிரையின் குற்றமல்ல. ஆறாவதாக வந்தது என்று அந்தக் குதிரையை ஒதுக்காதீர்கள். வெளிவரிசையில் அவ்வளவு தூரம் ஓடி இரண்டாம் இடத்துக்கு வந்த பிறகுதான் கலைந்திருக்கிறது.

பழைய சாதனை நேரத்தோடு ஒட்டி ஹெச் எழுத்து இருந்தால் அரை மைல் தடத்திலும், எஃப் இருந்தால் எட்டில் ஐந்து மைல் தடத்திலும் எடுத்த நேரம். சிறிய தடத்தில் வளைவு அதிகம், நேரம் கூடும். நீங்கள் பார்த்த மோஹாக் எட்டில் ஏழு மைல் தடம். இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

ஐரோப்பிய நேரத்தோடு ஒப்பிட வேண்டுமானால் நொடியாக்கி 1.609-ஆல் வகுத்துவிடுங்கள், அங்கே கிலோமீட்டர் கணக்கு, பத்தில் ஒரு பங்கு. 112.2-ஐ வகுத்தால் 69.7, அதாவது 1:09.7.

'டெத் சீட்' என்று வர்ணனையாளர் சொல்லும்போதெல்லாம் திக்கென்கிறது. அது என்ன? – மெல்பர்ன் வாசகி

பயப்பட வேண்டாம். முன்னால் போகும் குதிரைக்கு வெளிப்பக்கம், பக்கத்திலேயே ஒட்டி ஓடும் இடத்துக்கு ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயர். காற்றைத் தடுக்க முன்னால் யாரும் இல்லை. வளைவில் தூரமும் கூடுதல். அங்கே நின்ற குதிரை கடைசியில் செத்துப் போகும், அதாவது ஓய்ந்துபோகும் என்பதால் அந்தப் பெயர். அமெரிக்காவில் 'பார்க்ட் அவுட்' என்பார்கள்.

கூடுதல் தூரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டியகலம் தோராயமாக ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 2 × 3.14 × 1.5, அதாவது சுமார் 9.4 மீட்டர் அதிகம். அரை மைல் தடத்தில் ஒரு மைலுக்கு இரண்டு சுற்று. கிட்டத்தட்ட 19 மீட்டர். ஓடும் வேகத்தில் அது ஒன்றே கால் நொடிக்கு மேல், குதிரை நீளத்தில் ஏழு. பந்தயங்கள் அரை நீளத்தில் முடியும்போது ஏழு நீளம் என்றால் பாருங்கள்.

சுகமான இடம், முன்னணிக் குதிரையின் முதுகுக்குப் பின்னால், உள்வரிசையில். 'பாக்கெட்' என்பார்கள். காற்றில்லை, தூரம் குறைவு. ஆனால் பையில் போட்ட காசு மாதிரி, வெளியே எடுக்கிறவர் எடுத்தால்தான் வரும். பக்கத்தில் ஒரு குதிரை ஒட்டிக்கொண்டால் கடைசிவரை திறக்காது. இதற்காகவே பல தடங்களில் கடைசி நேர்ப்பாதையில் உள்பக்கமாக ஒரு கூடுதல் வழி விட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அது ஸ்பிரின்ட் லேன்.

அடுத்த நல்ல இடம் டெத் சீட்டுக்கு நேர் பின்னால், உங்கள் ஊர் வர்ணனையாளர் 'ஒன்-ஒன்' என்பது. வெளியே இருந்தாலும் முன்னால் ஒருவர் காற்றை வாங்கிக்கொள்கிறார், வேண்டும்போது வெளியே இழுத்துத் தாண்டலாம். இப்படி முன்னால் ஒருவரை வைத்து ஓடுவதற்குக் 'கவர்' என்று பெயர். கவர் கொடுக்கும் குதிரை நடுவழியில் ஓய்ந்துவிட்டால் பின்னாலிருப்பவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். யாருக்குப் பின்னால் ஒட்டுவது என்று தேர்ந்தெடுப்பதில்தான் சாரதியின் சாமர்த்தியம்.

கோடு போட்டு நிறுத்தாமல் காருக்குப் பின்னால் ஓடித் தொடங்குகிறார்களே, ஏன்? – புதுச்சேரி வாசகர்

நின்ற இடத்திலிருந்து விரட்டினால் குதிரைக்குப் பாயத்தான் தோன்றும். ஓடிக்கொண்டே தொடங்கினால் நடை கலையாது. பழைய காலத்தில் எல்லோரும் சேர்ந்து ஓடிவந்து கோட்டைக் கடக்கும்போது வரிசை சரியாக இருந்தால் 'போ' என்பார்கள். இல்லையென்றால் திரும்ப அழைத்து மறுபடி. ஒரு பந்தயம் தொடங்கப் பத்துப் பதினைந்து தடவை ஓடிவர நேரும். பார்வையாளர் பொறுமை போகும், குதிரையின் பலமும் போகும். 1946-இல் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில், இரண்டு சிறகு விரிந்த காரைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது. கார் மெல்லப் போய் வேகமெடுக்கும், குதிரைகள் சிறகுக்கு மூக்கைக் கொடுத்து ஓடிவரும், கோட்டில் கார் பறந்துபோய்ச் சிறகை மடக்கிக்கொள்ளும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நின்று தொடங்கும் பந்தயங்களும் இன்னும் உண்டு. வலுவான குதிரையை 10, 20 மீட்டர் பின்னால் நிறுத்துவார்கள்.

காலில் கால் இடிப்பதற்குப் பல பெயர்கள் படித்தேன். வகைகளையும் சரிசெய்யும் முறையையும் சொல்லுங்கள். – கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்

முதலில் எது எதில் இடிக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேசரில் பின்காலின் முனை, எதிர்ப்பக்க முன்காலின் உள்புறத்தில் இடித்தால் 'கிராஸ் ஃபயரிங்'. டிராட்டரில் ஒரே பக்கத்துக் கால்களுக்குள்தான் சண்டை: முன்குளம்பு மடங்கி எழும்போது அதன் முனை, அடியில் வந்து நுழையும் பின்காலின் குளம்பு விளிம்பில் உரசினால் 'ஸ்கேல்ப்பிங்', அதற்கு மேலே கணைக்காலில் பட்டால் 'ஷின் ஹிட்டிங்'. முன்குளம்பு எதிர் முன்காலின் முழங்காலில் பட்டால் 'நீ ஹிட்டிங்', இரண்டு வகைக் குதிரையிலும் வரும், வளைவில் அதிகம். முன்குளம்பை மிக உயரமாக மடக்கும் குதிரை தன் முழங்கையிலேயே அடித்துக்கொள்வதும் உண்டு.

கண்ணால் பார்த்துச் சொல்வது நடக்காது; ஒரு நொடியில் இரண்டுக்கும் மேற்பட்ட எட்டு வைக்கிறது. சந்தேகப்படும் குளம்பின் விளிம்பிலும் லாடத்திலும் சுண்ணக்கட்டியைக் கனமாகத் தேயுங்கள். இரண்டு சுற்று மிதமான வேகத்தில் ஓட்டிவிட்டு, மற்றக் கால்களில் வெள்ளைத் தடம் எங்கே என்று தேடுங்கள். கால்களுக்கு மாட்டிய காப்புகளில் உள்ள கீறலும் இதே செய்தியைச் சொல்லும்.

லாடத்தில் கை வைக்கும் முன்னால் நொண்டல் இருக்கிறதா என்று பார்த்தாகவேண்டும். நேற்றுவரை இடிக்காத குதிரை இன்று இடிக்கிறது என்றால் பெரும்பாலும் எங்கோ வலி. அந்தக் காலைக் காப்பாற்ற உடம்பைச் சாய்க்கிறது. வலியை விட்டுவிட்டு லாடத்தை மாற்றினால் நோய் மறையும், தீராது.

வலி இல்லை என்றால் குளம்பு. முனை நீண்டிருந்தால் கால் தரையை விட்டு எழத் தாமதமாகும், பின்கால் அதற்குள் வந்துவிடும். முன்குளம்பின் முனை சுமார் மூன்றரை அங்குலம், சாய்வு 50 பாகைக்குப் பக்கம் என்பது பொதுவான தொடக்கம்; கால் அங்குலம் குறைத்தாலே நடை மாறும். முன்காலுக்கு உருட்டு முகம் கொண்ட அரை வட்ட லாடம் போட்டால் கால் சுலபமாக உருண்டு எழும். கிராஸ் ஃபயரிங் செய்யும் பேசரின் பின்காலுக்கு உள்பாதி உருட்டாகவும், வெளிப்பாதி பள்ளம் வெட்டியதாகவும், வெளிக்குதிகாலில் சற்று நீட்டியும் ஒரு லாடம் போடுவார்கள். வெளிப்பாதி மண்ணைப் பிடிக்கும், உள்பாதி வழுக்கும், கால் வெளிநோக்கித் திரும்பிப் போகும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். லாடம், தலையுயர்த்தும் வார், ஹாப்பிள் நீளம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது.

முழங்காலில் இடிப்பது உடலமைப்பால் வருவது என்றால் முழுதாகத் தீராது. தோள்மேல் வாரில் தொங்கும் முழங்கால் காப்பை மாட்டி, வளைவில் உள்வரிசையை ஒட்டாமல் ஓட்டுவார்கள்.

சேணம் பூட்டும் வரிசை என்ன? – ஜாகிங் வண்டி ஓட்டப் பழகும் ஆக்லாந்து வாசகர்

முதுகு மெத்தையும் சேணமும் முதலில். வால் வாரை வாலுக்கு அடியில் கொடுத்து மாட்டி, வயிற்று வாரைத் தளர்வாகக் கட்டுங்கள். பிறகு மார்புப் பட்டை, கால் காப்புகள், பேசராக இருந்தால் ஹாப்பிள். தலைக்கட்டும் கடிவாளமும் அதற்குப் பிறகு. வயிற்று வாரை இப்போது இறுக்கலாம். கடைசியாகத்தான் வண்டி. செக்ரெயின் என்ற தலையுயர்த்தும் வாரைத் தடத்துக்குப் போகும்போது மாட்டினால் போதும். உச்சந்தலை வழியாக வந்து சேணக் கொக்கியில் மாட்டும் அந்த வார், குதிரை தலையைத் தாழ்த்திப் பாயவோ உதைக்கவோ விடாது. லாயத்தில் நிற்கும்போதே மாட்டிவைத்தால் கழுத்து வலித்து எரிச்சலோடுதான் ஓடவரும்.

ஹாப்பிள் நீளம் பொதுவாக 55 முதல் 60 அங்குலத்துக்குள் குதிரைக்குக் குதிரை மாறும். இறுக்கமானால் எடுத்து வைக்கும் அடி குறுகி உள்தொடை புண்ணாகும். தளர்ந்தால் வளையத்துக்குள்ளேயே பாய்ந்துவிடும். புழுக்கமான நாளில் தொடை படும் இடத்தில் களிம்பு தடவ மறக்காதீர்கள்.

அவிழ்க்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் செக்ரெயின், பிறகு வண்டி, அதற்கப்புறமே கடிவாளம். வண்டி பூட்டியிருக்கும்போது கடிவாளத்தைக் கழற்றவே கூடாது. கண்பட்டை இருந்தவரை பின்னாலிருப்பதைப் பார்க்காத குதிரை, அது போன நொடியில் தன்னைத் துரத்தும் ஒரு பொருளைப் பார்க்கும். பிடிக்க வாரும் இல்லாமல் வண்டியோடு ஓடிய குதிரையை நிறுத்த வழி கிடையாது. இந்தத் தொழிலில் நடக்கும் மோசமான விபத்துகளில் இதுவும் ஒன்று.

சில குதிரைகளின் மூக்கின்மேல் கம்பளி உருளை, காதில் பஞ்சு. அலங்காரமா? – தஞ்சாவூர் வாசகி

இல்லை. மூக்கின்மேல் இருப்பது நிழல் உருளை. தரையில் விழும் விளக்குக் கம்ப நிழலைப் பள்ளம் என்று நினைத்துத் தாண்டும் குதிரைகள் உண்டு; தாண்டினால் நடை போச்சு. உருளை தரையை மறைத்துவிடும். காதிலிருக்கும் அடைப்பு, கூட்டத்தின் சத்தத்தைக் குறைத்து அமைதியாக வைக்கும். அதிலிருந்து ஒரு கயிறு சாரதிவரை வரும். கடைசி நேர்ப்பாதையில் கயிற்றை இழுப்பார். அடைப்பு பிடுங்கிக்கொண்டு வர, சக்கரச் சத்தமும் சாரதிகளின் கத்தலும் ஒரேயடியாகக் காதில் விழும். சாட்டை செய்யாததை அது செய்யும்.

வன்சென் தடத்தின் நிரலில் டி4 என்றும் டிஏ என்றும் எழுதுகிறார்கள். டிஏ என்றால் தகுதி நீக்கம் என்று ஒருவரும், லாடம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். – பாரிஸ், லா ஷப்பல் வாசகர்

இருவரும் சரி. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். லாடக் கட்டத்தில் இரண்டு எழுத்தும் பெரியதாக இருந்தால் முன்கால் இரண்டிலும் லாடம் இல்லை. டிபி என்றால் பின்கால்களில் இல்லை. டி4 என்றால் நான்கிலும் இல்லை. முந்தைய ஓட்டங்களின் வரிசையில் பெரிய டி, சின்ன ஏ என்று இருந்தால் வண்டிப் பந்தயத்தில் தகுதி நீக்கம். அங்கே ஏ-க்குப் பதில் எம் இருந்தால், ஆள் ஏறி ஓட்டும் டிராட் பந்தயம். பிரான்ஸில் அந்த வகையும் விரும்பிப் பார்க்கப்படுகிறது.

லாடம் கழற்றினால் கால் இலேசாகி வேகம் கூடும். பெரிய பந்தயத்துக்கு மட்டும் நான்கையும் கழற்றுவார்கள். ஒவ்வொரு வாரமும் வெறுங்காலோடு ஓடினால் குளம்பு தேய்ந்து வலிக்கும், வலித்தால் பாயும். ஆகவே நெடுநாளாக லாடத்தோடு ஓடிய குதிரைக்கு இன்று டி4 என்று போட்டிருந்தால் அதன் பயிற்சியாளர் இன்றைக்கு ஜெயிக்க வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜனவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்கும் பிரி தாமெரிக், டிராட் உலகின் பெரிய பந்தயம். 1920-இல் தொடங்கியது, தூரம் 2,700 மீட்டர். முதல் உலகப் போரில் துணைநின்ற அமெரிக்காவுக்கு மரியாதையாக அந்தப் பெயர். ஊராசி என்ற குதிரை 1986, 1987, 1988, 1990 என நான்கு முறை வென்றது. தடம் கசடு போட்ட கறுப்பு மண், இறங்கி ஏறும். ஏற்றத்தில் முன்னால் போய்விட்டு நேர்ப்பாதையில் ஓய்ந்துபோகும் குதிரைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

'ஸ்டாண்டர்ட்பிரெட்' என்ற இனப்பெயரில் என்ன ஸ்டாண்டர்ட்? – கொழும்பு வாசகர்

நேரம்தான் ஸ்டாண்டர்ட். 1879-இல் அமெரிக்க வளர்ப்பாளர்கள், ஒரு மைலை இரண்டரை நிமிடத்துக்குள் டிராட்டில் ஓடுவதை அளவுகோலாக வைத்தார்கள். பிறப்பைவிட ஓட்டத்தைப் பார்த்து இனத்தில் சேர்த்தது புதுமை. இன்றைய குதிரைகள் அநேகமாக எல்லாமே 1849-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ஹாம்பிள்டோனியன் 10 என்ற ஒரே ஆண் குதிரையின் வழி. 1876-இல் சாவதற்குள் 1,300-க்கு மேற்பட்ட குட்டிகளுக்கு அது தகப்பன். மூன்று வயது டிராட்டர்களுக்கு 1926 முதல் நடக்கும் ஹாம்பிள்டோனியன் பந்தயம் அதன் பெயரில்தான்.

நேரம் குறைந்ததில் வண்டிக்கும் பங்கு உண்டு. 1892-இல் உயரமான மரச் சக்கரம் போய்க் காற்றடைத்த டயர் போட்ட சைக்கிள் சக்கரம் வந்தது. அதே ஆண்டு நான்சி ஹாங்க்ஸ் என்ற பெண் குதிரை 2:04-இல் ஓடியது. இரண்டு நிமிடத்துக்குள் முதலில் வந்த பேசர் ஸ்டார் பாயின்டர், 1897-இல். டிராட்டர் லூ தில்லன், 1903-இல். 2022 ஜூலையில் புல்டாக் ஹனோவர் என்ற பேசர் மெடோலாண்ட்ஸ் தடத்தில் ஓடிய நேரம் 1:45.4. புள்ளிக்குப் பின்னால் இருப்பது என்ன என்று டொரோன்டோ வாசகரின் நண்பருக்கு இப்போது தெரிந்திருக்கும்.

ஓய்வு பெற்ற குதிரைகள் என்ன ஆகும்? – வேலூர் வாசகி

இனவிருத்திக்கு, சவாரிக்கு, போலீஸ் பணிக்குக்கூடப் போகின்றன, சாதுவான இனம். அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒஹாயோ மாநிலங்களில் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளாத ஆமிஷ் மக்கள் நிறைய வாங்குகிறார்கள். வண்டி பூட்டிப் பழகியது, சத்தத்துக்கு மிரளாது, நீண்டதூரம் ஒரே நடையில் போகும். ஞாயிறு வழிபாட்டுக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் கறுப்பு வண்டியின் முன்னால் உள்ளது சில வருடங்களுக்கு முன் பந்தயத்தில் ஓடிய குதிரையாக இருக்கலாம். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது, வண்டியோடு அது சந்தியில் அசையாமல் நிற்கிறதா என்று. பந்தயக் குதிரைக்கு யாரும் கற்றுக்கொடுக்காத பாடம் அது ஒன்றுதான். பழக்கச் சில வாரமாகும்.